பொற்றலை

போன ஆடி மாதம் ஒரு நாற்றுப்பண்ணையில் ஐம்பது ரூபாய் கொடுத்துத் தொட்டிச் செடி ஒன்று வாங்கி வந்தேன். தொட்டியில் செருகியிருந்த பட்டையில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி, மூலிகை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நல்ல செழிப்பு. மூன்றே வாரத்தில் தொட்டியை விட்டு இறங்கி, மாடித் தரையில் தவழ்ந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்க ஆரம்பித்துவிட்டது. நாளுக்கு நாலைந்து மஞ்சள் பூ. பெருமை தாங்காமல், எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாளை மாடிக்கு அழைத்துக் காட்டினேன். அவர் ஓர் இலையைக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, முகர்ந்துவிட்டுத் தொட்டியிலேயே போட்டார்.

“யாரு தம்பி இதைக் கரிசலாங்கண்ணின்னு சொன்னது? இது பங்களா வாசல்ல போடுற செடி. இலையைப் பாரு, எண்ணெய் தடவுன மாதிரி மினுக்குது. மூணாப் பிளந்து வேற கெடக்கு. இதைப் போயிப் பருப்புல போட்டுறாத.”

மறுநாள் அவரே வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு பிடி பறித்து வந்தார். நீளமான, விரலில் சொரசொரக்கும் இலை. ஓரத்தில் இருக்கிறதோ இல்லையோ என்று சில பற்கள். நீளக் காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ. “இதுதான் நெசக் கரிசலாங்கண்ணி. எங்க ஆத்தா பொத்தலக்கையான்னு சொல்லும்” என்றார்.

பொத்தல் என்றால் ஓட்டை. அவர் கொடுத்த கட்டில் இரண்டு மூன்று இலைகளைப் பூச்சி அரித்துத்தான் இருந்தது. அதனால் வந்த பெயராக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பெயரைத் துரத்திக்கொண்டு போன பிறகுதான், ஓட்டை செடியில் இல்லை, என் காதில் என்று தெரிந்தது.

முதலில் ஊரறிந்த பெயரை எடுத்துக்கொள்வோம். கரிசலாங்கண்ணி என்றதும் பலருக்குக் கரிசல் காடு நினைவுக்கு வரும். கோவில்பட்டிப் பக்கத்துப் பருத்திக் காடும், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்ணும். கரிசல் மண்ணில் முளைப்பதால் கரிசலாங்கண்ணி என்று எழுதியவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் இந்தச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. இது காலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டிய செடி. வயல் வரப்பு, வாய்க்கால் கரை, குளத்து அலைகரை, குழாயடிச் சேறு, இவைதான் அதற்கு ஊர். வானம் பார்த்த கரிசலில் மழைக்காலத்தில் பள்ளத்தில் தலைகாட்டும், வெயில் ஏறினால் காணாமல் போகும்.

கரிசல் என்பதற்கு மண் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. கறுத்தது, கருமை என்பதுதான் அடிப்படை. கரிசலாங்கண்ணியில் மஞ்சள் பூப் பூப்பது ஒன்று, வெள்ளைப் பூப் பூப்பது ஒன்று என்று இரண்டு உண்டு. கருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியின் தண்டு ஒன்றை ஒடித்து நகத்தால் நசுக்குங்கள். முதலில் பச்சைச் சாறு கசியும். பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு அது நீலம் பாரிக்கும். சில நிமிஷத்தில் நகக்கண் எல்லாம் மை. கீரை ஆய்ந்துவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்தவர்கள் விரலைப் பார்த்தாலே பெயர்க் காரணம் விளங்கிவிடும். இதற்கு இன்னொரு பெயர் கரிப்பான். கருக்கச் செய்வது என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

என் பாட்டி மை கூட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிவாள். பழைய வெள்ளை வேட்டித் துணியை அதில் நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து, மறுபடி உலர்த்தி, துணியே கருகினாற்போல ஆனதும் திரியாகத் திரிப்பாள். அகலில் விளக்கெண்ணெய். இரண்டு பக்கமும் செங்கல்லை நிறுத்தி மேலே பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு, இரவு முழுக்க எரியவிடுவாள். விடிந்ததும் தாம்பாளத்தின் அடியில் வெல்வெட்டுப் போலப் படிந்திருக்கும் புகைக்கரியை இறகால் வழித்து, விளக்கெண்ணெய் சொட்டுவிட்டுக் குழைத்தால் கண்மை தயார். பிறந்த குழந்தை முதல் கல்யாணப் பெண் வரை வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் அதுதான். கருமை, கண் இரண்டும் இந்தச் செடியோடு ஒட்டியது அந்த அகல் வெளிச்சத்தில்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால் நினைப்பு வேறு, சொல்லின் பிறப்பு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கருப்பைப் பார்த்துப் பெயர் வைத்தது நாம் மட்டும் அல்ல. சீன மருத்துவர்கள் இதை மோ ஹான் லியன் என்கிறார்கள், ‘மைத் தரைத்தாமரை’. இன்னொரு பெயர் லீ சாங். லீ என்பது நம் விரால் மீன், சாங் என்றால் குடல். ஒடித்த தண்டிலிருந்து கறுப்பாக ஒழுகுவதைப் பார்த்து விரால் குடல் என்று ஒரு கீரைக்குப் பெயர் வைத்தவன் குளத்தங்கரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கன்னடத்தில் இதற்குக் காடிகெ கரகு என்று ஒரு பெயர் வழங்குகிறது. காடிகெ என்றால் அங்கே கண்மை. வடமொழியில் பிருங்கராஜம். பிருங்கம் கருவண்டு. அதே பிருங்கராஜம் என்ற பெயர் வாலில் இரண்டு துடுப்புத் தொங்கும் கருங்குருவி ஒன்றுக்கும் உண்டு, வங்காளத்தில் அதைப் பீம்ராஜ் என்பார்கள். தமிழில் அந்தக் குருவியின் இனத்துக்குக் கரிச்சான் என்று பெயர். செடி கரிப்பான், குருவி கரிச்சான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கருப்பை ஒரு செடியிலும் ஒரு குருவியிலும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

தாவரவியலின் லத்தீன் பெயரிலும் கருப்பு இருப்பதுபோல ஒரு தோற்றம் வரும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. கிரகணத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் எக்லிப்ஸும் இதுவும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. ‘ஆஹா, கிரகண இருட்டு’ என்று துள்ளிவிட வேண்டாம். அந்த வேரின் பொருள் குறைபடுதல், இல்லாமற்போதல். இதன் உறவுக்காரச் செடிகளின் விதையில் காற்றில் பறக்க மயிர்க்குஞ்சம் இருக்கும். இதன் விதையில் அது இல்லை. அந்த ‘இல்லை’தான் எக்லிப்டா. சொல்லாராய்ச்சியில் இறங்கியவன் தடுக்கி விழுவதற்கென்றே இப்படிச் சில கற்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனிக் கண்ணி. இதற்குக் கதைகள் அதிகம். கண்ணுக்கு நல்லது, அதனால் கண்ணி என்பது ஒன்று. பொன்னாங்கண்ணியைப் ‘பொன் ஆம் காண் நீ’ என்று பிரித்து, தின்றால் மேனி பொன்னாகும் என்று பொருள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அதே கத்தியால் கரிசலாங்கண்ணியை அறுத்தால் ‘கரிசல் ஆம் காண் நீ’ என்று வரும். மேனி கறுத்துப் போவாய் என்று ஒரு கீரைக்கு யார் பெயர் வைப்பார்கள்?

நடுவில் நிற்கும் ‘ஆம்’ என்பதற்கு ஆகும் என்ற பொருளே தேவையில்லை. கூழாங்கல்லில் என்ன ஆகிறது? கஞ்சாங்கோரையில் என்ன ஆகிறது? இரண்டு சொல்லைப் பொருத்த வாய் தேடிக்கொள்ளும் இணைப்பு அது, அவ்வளவுதான். கரிசல், கண்ணி. பொன், கண்ணி. இரண்டிலும் பொதுவாக இருப்பது கண்ணி. அப்படியானால் இந்த இரண்டு கீரைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று செடியிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஈரத்தில் படரும். இரண்டுக்கும் கணுவுக்குக் கணு எதிரெதிராக இலை. தரையில் பட்ட கணுவிலெல்லாம் வேர்விடும். ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால் கணுவிலிருந்து பிழைத்துக்கொள்ளும். தமிழில் கணுவுக்கும் கண் என்றே பெயர். கரும்பின் கண், மூங்கிலின் கண். கண் உடையது கண்ணி. கறுத்த கணுக்கொடி கரிசலாங்கண்ணி என்பது என் கணிப்பு. பாட்டியின் அகல் விளக்கை விட இதில் அழகு குறைவுதான். ஆனாலும் செடி இதற்குத்தான் சாட்சி சொல்கிறது.

கிராமத்தில் சிலர் கரிசனாங்கண்ணி என்பார்கள். கரிசனம் என்றால் அக்கறை, பரிவு. கரிசலுக்குப் பொருள் மங்கிய வாயில் பரிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. தவறுதான், ஆனால் திருத்த மனசு வராத தவறு.

கரிசலாங்கண்ணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயர்க் குடும்பம் இருக்கிறது. கையான், கையாந்தகரை, கைகேசி. கையாந்தகரையை ‘கையாந்தக்கரை’ என்று ஒரு ககரத்தைக் கூட்டி எழுதி, வாய்க்கால் கரையில் வளர்வதால் கரை என்று விளக்குபவர்கள் உண்டு. கரை வேண்டாம், அங்கே இருப்பது தகரை. ஊசித்தகரை என்று சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுவார்களே, அதன் பெயர்தான். அதே தோல் வியாதிகளுக்கு இதையும் பூசினார்கள், பெயரையும் இதற்கு நீட்டினார்கள். முன்னால் நிற்கும் ‘கை’ மணிக்கட்டுக்குக் கீழே இருப்பது அல்ல. கைத்தல் என்றால் கசத்தல். பாகற்காய் கைக்கும் என்பது இன்னும் சில ஊர்களில் பேச்சு. கைக்கும் தகரை கையாந்தகரை. ஆக, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, கையாந்தகரை மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. கைகேசியை மட்டும் எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூந்தலைக் குறிக்கும் கேசம் அதில் ஒட்டியிருக்கலாம். வங்காளத்திலும் இதன் பெயர்களில் கேசம் வருகிறது. கூத்தில் தயரதன் மனைவிக்கும் கைகேசி என்றே பெயர், அவளுக்கும் இந்தக் கீரைக்கும் கசப்பு ஒன்றுதான் பொது.

மலையாளத்தில் இது கய்யோன்னி. கர்க்கடக மாதத்தில் கேரளத்து வீடுகளில் வைக்கும் தசபுஷ்பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் பூவாங்குருந்தலும் முயல்செவியனும் இதன் குடும்பத்துச் செடிகளே. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் வைத்தியர்களை வைத்துத் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் வெள்ளைப் பூச்செடி ‘கஜென்னேயம்’ என்ற பெயரோடு இருக்கிறது. மஞ்சள் பூச்செடிக்குப் பெயர் ‘பீ கஜோனி’. அந்த லத்தீன் எழுத்துக்கூட்டில் ஜகரத்தை யகரமாக வாசிக்க வேண்டும். பீ என்று அந்த நூல் முழுக்க வரும் முன்னொட்டை நான் பேய் என்று வாசிக்கிறேன். பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்று நாம் சொல்வது போல. வீட்டுக்கு ஆகாத காட்டு வகை என்று பொருள். வெள்ளைதான் கையோன்னி, மஞ்சள் பேய்க் கையோன்னி. மலையாளக் கரையில் மஞ்சளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

தமிழில் அப்படி இல்லை. இங்கேதான் கீரைக்கார அம்மாளின் ஆத்தா சொன்ன பெயருக்கு வருகிறேன்.

பொத்தலக்கையான் என்று காதில் விழுந்தது பொற்றலைக் கையான். வெற்றி பேச்சில் வெத்தி ஆவதுபோல, பொற்றலை பொத்தலை ஆகிறது. பொன் என்பதும் தலை என்பதும் சேர்ந்தால் பொற்றலை. ‘பொன்’னின் னகரமும் ‘தலை’யின் தகரமும் இரண்டு றகரமாகும் என்பது இலக்கணம் அறிந்தவர்களுக்குப் பழகிய சந்தி. பொன்னிறத் தலையை உடைய கையான்.

ஆனால் மூலிகைப் புத்தகங்களையும் நாட்டுமருந்துக் கடைப் பொட்டலங்களையும் பாருங்கள். பாதிக்கு மேல் ‘பொற்றிலைக் கையான்’ என்றே இருக்கும். பொன் போன்ற இலை என்று அதற்கு விளக்கமும் இருக்கும். இலை பொன்னாக இல்லை, மங்கிய பச்சை. அது போகட்டும், பொன்னோடு இலை சேர்ந்தால் பொன்னிலை என்றுதான் வரும், பொற்றிலை எப்படி வரும்? நடுவில் ஒரு தகரம் இல்லாமல் இரட்டை றகரம் வராது. ‘திலை’ என்று ஒரு சொல் இருந்தால்தான் பொற்றிலை. அப்படி ஒரு சொல் நமக்கு இல்லை. எழுதியவர் கை ஒரு சுழி தவறி லகரத்துக்கு முன் இகரத்தைப் போட்டிருக்கிறது. அடுத்தவர் அதைப் படியெடுத்திருக்கிறார். அதற்கும் அடுத்தவர் இலை என்று கண்டு பொருள் எழுதியிருக்கிறார். பிழை தனக்கு உரை தேடிக்கொண்டுவிட்டது.

தலை என்பதைக் கைவிட்டதில் இழப்பு என்ன என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பூவை ஒரு முறை கண்ணருகே கொண்டுவர வேண்டும். நான் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளியே வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் இதழ்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு மூன்று பல். நடுவில் மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் அது பொட்டு இல்லை, ஐந்து மடல் விரித்த குட்டிக் குழாய்கள் நெருங்கி நிற்கும் கூட்டம். ஒவ்வொரு குழாயும் முழுப் பூ. மகரந்தமும் சூலும் தனித்தனியாக உண்டு. சுற்றி நிற்கும் ‘இதழ்’ ஒவ்வொன்றும்கூட ஒரு தனிப் பூதான், ஒரு பக்கமாக நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளிப்பூக்கள் முதலில் விரியும், பிறகு நாளுக்கு ஒரு வரிசையாக உள்ளே நகரும். நாம் ஒரு பூ என்று பறித்துத் தலையில் வைக்கும் செவ்வந்தியும், ஒரு பூ என்று படம் வரையும் சூரியகாந்தியும் இப்படித்தான். அந்தக் குடும்பம் முழுவதுக்கும் இதுவே அடையாளம். தாவரவியலாளர்கள் இந்தப் பூக்கூட்டத்துக்கு லத்தீனில் வைத்த பெயரின் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? சிறு தலை.

பொற்றலை என்று பெயர் வைத்தவரிடம் கைக்கண்ணாடி இருந்திருக்காது. பூ என்று சொல்லாமல் தலை என்றாரே, அதுதான் எனக்கு வியப்பு. நீளக் கழுத்தின் மேல் ஒற்றையாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இதே குடும்பத்தில் வயலில் ஊதா உருண்டையாக நிற்கும் செடிக்குக் கொட்டைக்கரந்தை என்று பெயர். அங்கேயும் பூ என்ற சொல் இல்லை, கொட்டை. சாதாரணப் பூ மாதிரி இல்லை இது என்று பார்த்தவர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

சிங்களத்தில் வெள்ளைச் செடி கீகிரிந்திய, மஞ்சள் செடி ரன்வன் கீகிரிந்திய, அதாவது பொன்னிறக் கீகிரிந்திய. சீனர்கள் மஞ்சளுக்கு மையும் கொடுக்கவில்லை, விரால் குடலும் கொடுக்கவில்லை. பங் சீ ஜூ என்றார்கள், ‘சேற்றுநண்டுச் செவ்வந்தி’. ஈரக் கரையில் நண்டு வளைகளுக்கு நடுவே படர்வதைப் பார்த்து வைத்தது. கருப்பைச் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பூச்செடியிடமே போகின்றன. தமிழிலோ மஞ்சளின் சொந்தப் பெயர் தேய்ந்து, வெள்ளையின் பெயரை வாங்கி ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று ஆகிவிட்டது. வள்ளலார் நாள்தோறும் கொள்ளச் சொன்ன மூலிகைகளில் தூதுவளை, முசுமுசுக்கையோடு கரிசலாங்கண்ணியும் உண்டு. அவர் வழியில் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோன பெயர் கரிசலாங்கண்ணி. ஊர் முழுக்க ஒரு பெயர் பரவும்போது பக்கத்துப் பெயர்கள் அதற்குள் கரைந்துபோவது இயல்புதான்.

லத்தீனில் இந்த மஞ்சள் செடி பட்ட பாடு அதைவிட அதிகம். 1753இல் லின்னேயஸ், இலங்கைச் செடி என்று குறித்து, வெர்பெசினா கலெண்டுலேசியா என்று எழுதினார். பூ கலெண்டுலாவைப் போல இருக்கிறதாம். அந்தக் கலெண்டுலா என்ற சொல் ரோமானியர்கள் மாதத்தின் முதல் நாளுக்குச் சொன்ன கலெண்டேயிலிருந்து வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் அங்கிருந்து வந்ததே. லின்னேயஸின் மாணவர் ஓஸ்பெக் சீனாவுக்குக் கப்பலில் போய்வந்து 1757இல் இதே செடியைச் சீனத்துச் செடியாக வேறொரு இனத்தில் சேர்த்தார். பிறகு நெடுங்காலம் இது வெடேலியா. ஜெர்மனியில் ஜேனா ஊரில் பேராசிரியராக இருந்த கியோர்க் வொல்ஃப்கேங் வெடல் என்பவரின் (1645–1721) நினைவாகத் தாவரவியலாளர் ஜாக்குவின் 1760இல் உண்டாக்கிய இனப்பெயர் அது. அந்த வெடல் நம் வாய்க்காலைக் கண்டவர் அல்ல. 1996இல் புருஸ்கி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் வெடேலியாவிலிருந்து பிரித்து ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா என்று மாற்றினார். ஸ்பாக்னம் என்ற குளிர்நாட்டுச் சதுப்புப் பாசியில் குடியிருப்பது என்று பொருள். நம் வரப்பில் அந்தப் பாசி கிடையாது. இனத்தின் முதல் செடி பிரேசிலில் அப்படி ஒரு சதுப்பில் கிடைத்தது, அந்தப் பெயரை நம் செடியும் சுமக்கிறது.

வெடல் முழுதாகப் போய்விடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, தம் கூட்டாளிகள் கே. நாகராஜன், பி. ஆர். பை ஆகியோரோடு மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையை ஆராய்ந்து, அதில் இருந்த ஒரு பொருளின் அமைப்பை 1956இல் லண்டன் வேதியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். கடற்கரைச் சாலையில் அந்தக் கல்லூரிக் கட்டடத்தைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதினாறு கரி அணுக்கள் கொண்ட அந்தப் பொருளுக்கு, அன்றைய லத்தீன் பெயரை ஒட்டி, வெடலோலாக்டோன் என்று பெயர். அந்த வகைப் பொருள் இயற்கையில் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் தடவை. பின்னால் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அது இருப்பது தெரிந்தது. இன்றைக்குத் தலைக்கெண்ணெய்க் கம்பெனிகள் பிருங்கராஜ் சரக்கை வாங்கும்போது தரம் பார்க்க அளப்பது இந்த வெடலோலாக்டோனைத்தான்.

அதாவது, சந்தையில் மஞ்சள் செடி வெள்ளையின் பெயரைக் கடன் வாங்கிப் பிழைக்கிறது. சோதனைக்கூடத்தில் வெள்ளைச் செடி மஞ்சளின் பெயரால் தேறுகிறது. கணக்கு நேர் என்று விட்டுவிடலாம்தான். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்திராவிட்டால்.

அந்த மூன்றாவது ஆள்தான் என் மாடியில் தொங்கியது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து, அலுவலக வாசல்களிலும் சாலை நடுவிலும் தரை மூடப் போட்ட செடி. ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல், கீரைக்கார அம்மாள் ‘மூணாப் பிளந்து’ என்றதும் லின்னேயஸ் பார்த்ததும் ஒன்றே. பூச்செடி வியாபாரத்தில் இதற்குப் பெயர் வெறும் ‘வெடேலியா’. வெடேலியா என்றால் தமிழில் என்ன என்று யாரோ பழைய மூலிகைப் புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டும். அங்கே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று இருந்திருக்கும். பட்டை தயார். நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பெயர் அவரை ஏமாற்றிவிட்டது என்பதே என் ஊகம். ஆனால் மூலிகை என்று நம்பி அதைப் பறித்துக் கூட்டு வைப்பவருக்கு இந்த ஊகத்தால் ஆறுதல் கிடைக்காது. அது நம் கீரை இல்லை.

உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் இந்த மூன்று மடல் செடியும் இருக்கிறது. கிள்ளிப் போட்ட இடமெல்லாம் வேர்விட்டு, அடியில் வேறு எதையும் முளைக்க விடாமல் பாய் விரித்துவிடும். தென்சீனத்தில் இது சேற்றுநண்டுச் செவ்வந்தியோடு கலந்து கலப்பினம் உண்டாகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இலை வடிவில் நடுவாந்தரமாக ஒன்று. அங்கே இப்போது கரையில் நிற்பது எது என்று சொல்லவே மரபணுவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் வரப்பு ஓரங்களைச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டு, எஞ்சிய இடத்துக்குக் களைக்கொல்லியும் அடித்துவிட்டு, மூலிகை வேண்டும் என்று தொட்டியில் அமெரிக்கச் செடியை வளர்க்கிறோம்.

கீரைக்கார அம்மாள் கொடுத்த பிடியில் ஆய்ந்ததுபோக மிஞ்சிய நாலு தண்டை மண்ணில் செருகினேன். கணுவுக்குக் கணு வேர்பிடித்து இப்போது இரண்டு தொட்டி. மூன்று மடல்காரியை வேரோடு பிடுங்கிக் காயவைத்துக் கொளுத்தியாயிற்று, குப்பையில் வீசினால் அங்கேயும் முளைக்கும். பழைய பட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘பொற்றலைக் கையான்’ என்று எழுதிச் செருகியிருக்கிறேன்.

நீங்களும் கடையில் கேட்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் விழித்தால் இலையைப் பாருங்கள். நீண்டு, சொரசொரப்பாக, மங்கிய பச்சையில் இருந்தால் வாங்குங்கள். மினுமினுத்து மூன்றாகப் பிளந்திருந்தால், பட்டையில் என்ன எழுதியிருந்தாலும், வாங்காதீர்கள்.